பக்கத்து சீட்டு பிரேக்

டொம்மென்று முன்சக்கரம் தரையில் மோதியதும் கிடங்குக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பிப் போயின.

“புறாவுக்கே உங்க மேல நம்பிக்கை போயிடுச்சு அண்ணி” என்றாள் நாத்தனார்.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இப்போதைக்கு முகம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது. ஒரு வாரமாக இதே கிடங்கின் பின்னால், இதே சிமென்ட் தரையில், இதே கூத்து. கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பைக் சமர்த்தாக முன்சக்கரத்தைத் தூக்குகிறது. இன்னும் ஒரு சாண் எழும்பினால் போதும் என்கிற இடத்தில் அவளுடைய வலது கால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுகிறது. அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

“மிதிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் எங்கடி மிதிக்கிறேன்? கால் மிதிக்குது.”

“கால் யாரோடது?”

“டிரைவிங் ஸ்கூலோடது.”

அதில் பொய்யில்லை. அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவள் பக்கத்து சீட்டில் இருப்பாள். அந்தப் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கால் அதன்மேல்தான் குடியிருக்கிறது. எதிரே நாய் வந்தால் மிதி, லாரி வந்தால் மிதி, சந்தேகம் வந்தாலும் மிதி.

நாத்தனார் ஒரு பைக் சாகசக் குழுவில் இருந்தாள். குழுவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தலைவர் வந்து பார்ப்பார். தரையில் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே முன்சக்கரம் கீழே படாமல் போனால் அந்த இடம் அண்ணிக்கு. பட்டுவிட்டால் வேறொரு பெண்ணுக்கு.

“உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த ஆசை?” என்று நாத்தனார் முதல் நாளே கேட்டிருந்தாள்.

“தினமும் வண்டியிலதான் போறேன். ஒரு நாளாவது ஸ்டியரிங் என் பக்கம் இருந்துச்சா?”

அன்றிலிருந்து நாத்தனார் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். இன்றைக்கு மட்டும் பொறுமை போய்விட்டது.

“இன்னொரு தடவை சொல்றேன், கேளுங்க. முன்சக்கரம் ஒரு உயரத்துக்குப் போனதும் வண்டி தன்னால நிக்கும். அதான் பேலன்ஸ் பாயிண்ட். அதுக்குக் கீழ இருந்தா ஆக்ஸிலேட்டர் குடுக்கணும். தாண்டிப் போனா பிரேக்கைத் தொடணும். தொடணும்னுதான் சொன்னேன். நீங்க கரப்பான்பூச்சியை அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க.”

வீட்டில் கணவனிடமும் ஆறுதல் கிடைக்கவில்லை. “அந்த ஒரு காலை மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போயேன்” என்றான்.

சனிக்கிழமை காலை அவளிடம் கார் ஓட்ட வந்தவர் ஒரு பல் டாக்டர். சந்துக்குள் திரும்பியபோது எதிரே ஒரு வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டாக்டர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். கார் மெத்தைமேல் இறங்குவதுபோல வேகம் குறைந்து, வேனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

“பார்த்தீங்களா டீச்சர், எவ்வளவு நைசா நிறுத்திட்டேன்.”

“பிரமாதம் டாக்டர்” என்று சொல்லியபடி அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

அது அவளுடைய தொழில் சுத்தம். டீச்சர் பிரேக் போட்டது தெரிந்துவிட்டால் ஓட்டுகிறவர் மனம் விட்டுப்போகும். மறுநாள் வகுப்புக்கே வரமாட்டார். அதனால் தெரியாமல் போடுவாள்.

காலை எடுத்தவள் அதையே குனிந்து பார்த்தாள். கிடங்கின் பின்னால் ஓங்கி மிதிக்கிற அதே கால்தான். இங்கே பயந்ததெல்லாம் டாக்டர். கால் தன் வேலையைப் பார்த்தது. அங்கே பயமும் இவளுடையது, காலும் இவளுடையது. இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஆடுகின்றன.

சாயங்காலம் கிடங்கின் பின்னால் பைக்கைக் கிளப்பியவள் பேச ஆரம்பித்தாள். “ம்... மெதுவா எழுந்திருங்க... பயப்படாதீங்க, நான் இருக்கேன்.”

“யார்கிட்ட அண்ணி பேசுறீங்க?”

“புது ஸ்டூடண்ட்.”

முன்சக்கரம் எழுந்தது. வழக்கமான இடத்தைத் தாண்டியது. வண்டி பின்னால் சாயப் பார்த்தபோது அவள் கால் பிரேக்கை வருடியது. அவ்வளவுதான், கையிலிருந்த கனமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஹேண்டில்பார் வெறும் காற்றைப் பிடித்திருப்பதுபோல இருந்தது. பைக் தன்பாட்டுக்குப் போயிற்று. புறாக்கள் அசையவில்லை. நாத்தனார் மட்டும் பக்கத்திலேயே ஓடி, மூச்சு வாங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு காலை குழுத் தலைவர் வந்தார். அவருக்கு சைலன்சர் என்று பெயர்; பேச்சு அவ்வளவு குறைவு. கணவனும் காரில் வந்து ஓரமாக நின்றான்.

அண்ணி கிளப்பினாள். முதல் கோட்டுக்கு முன்பே சக்கரம் எழுந்துவிட்டது. நடுவில் ஒரு முறை காற்று தள்ளியது, வண்டி நெளிந்தது, கணவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் திறந்தபோது இரண்டாவது கோடு பின்னால் கிடந்தது. முன்சக்கரம் இன்னும் அந்தரத்தில் இருந்தது. பிறகு ஆற அமர இறங்கியது.

சைலன்சர் கோடுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஜெர்சிக்கு அளவு குடுத்துடுங்க” என்றார். நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

சைலன்சர் போகவில்லை. “ஒண்ணு கேக்கணும். பிரேக் எப்பப் போட்டீங்க? நானும் பார்த்துட்டே இருந்தேன், தெரியவே இல்லையே.”

“ஓட்டுறவங்களுக்கே தெரியாமப் போட்டுப் பழக்கம் சார்” என்றாள் அண்ணி, ஹெல்மெட்டைக் கழற்றியபடி. “தானே ஓட்டிட்டோம்னு சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க. லைசென்ஸ் டெஸ்ட் அன்னிக்குக்கூட அப்படித்தான்.”

அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த கணவனின் கைகள் பாதியில் நின்றன.

“ஏய், உன்கிட்ட கத்துக்கிட்டு நான் முதல் தடவையே பாஸ் பண்ணேனே, அன்னிக்குக் காரை ஓட்டினது யாரு?”