கிணற்றில் இறங்கிய கடுகு

கடுகு எங்கள் நாய். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு சிறியது. அது நீந்தக் கற்றுக்கொண்டால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் மிளகாய் வத்தல் வண்டியில் ஏறி விருதுநகர் கிட்டங்கிக்குக் காவலுக்குப் போக வேண்டும். பெரியப்பா சுந்தரபாண்டி அப்படித்தான் சொல்லிவிட்டார்.

எங்கள் மிளகாய்க் காட்டுக் கிணறு அவருக்கும் அப்பாவுக்கும் பொது. சுற்றுச்சுவர் கிடையாது. போன வாரம் கடுகு ஓணானைத் துரத்திப் போய் உள்ளே விழுந்துவிட்டது. பெரியப்பாதான் பார்த்து, இறங்கித் தூக்கி வந்தார்.

"ஏலே கருத்தப்பாண்டி, கிணத்துக்குள்ள நாய் செத்தா என்ன செய்யணும், தெரியுமா?"

"முழுத் தண்ணியையும் இறைச்சுக் கொட்டணும் பெரியப்பா."

"பூ விடுற நேரத்துல நான் செடிக்குப் பாய்ச்சுவேனா, நாய்க்குக் கருமாதி பண்ணுவேனா? வெள்ளிக்கிழமை கமலை பூட்டுறேன். அன்னைக்கு நானே தூக்கிப் போடுவேன். தானா நீந்திப் படியேறுச்சுன்னா இங்கனயே கிடக்கட்டும்."

"கிட்டங்கியில வத்தல் நெடிக்குத் தும்மிக்கிட்டே கிடக்கும் பெரியப்பா."

"தும்மட்டும். திருடன் ஆள் இருக்குன்னு நினைப்பான்."

பக்கத்து ஊருக்குக் கரண்டு மோட்டார் வந்துவிட்டது. எங்களுக்கு இன்னும் மாடு கட்டி இறைக்கும் கமலைதான். அதனால் வெள்ளிக்கிழமை தள்ளிப்போக வழியில்லை.

நான் வேலை பார்ப்பது சிவகாசி ரோட்டில் உள்ள வெடிக் கம்பெனியில். தீபாவளி சீசன் முடிந்து ஆர்டர் குறைந்திருந்ததால் பொழுதோடு விட்டுவிடுவார்கள். விளக்கு வைத்ததும் மாலை வகுப்புக்குப் படிக்கப் போவேன். இடையில் கிடைக்கும் நேரத்தைக் கடுகுக்கு ஒதுக்கினேன். முதலில் கால் நனைய வேண்டும், அடுத்து வயிறு, பிறகு நீச்சல் என்று வரிசை வைத்துக்கொண்டேன். வரிசை இருந்தால்தான் எனக்குத் தைரியம் வரும். அந்த வரிசை சரிதானா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

நாங்கள் எல்லாரும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் நீச்சல் பழகினோம். கடுகுக்கும் காய்ந்த குடுக்கை ஒன்றைக் கட்டினேன். ஊர் வழக்கப்படி மேட்டிலிருந்து முதலில் நான் தொப்பென்று குதித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் கடுகைக் காணோம். வரப்பைத் தாண்டி ஓடிவிட்டிருந்தது. பிடித்து வந்து தண்ணீரில் விட்டேன். நான்கு கால்களையும் மடக்கிக்கொண்டு அசையாமல் மிதந்தது.

என் அண்ணன் மனைவி முத்துமாரியம்மாள் படியில் துணி அடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆற்றங்கரை ஊர்க்காரி, நீச்சலில் என்னை மிஞ்சியவள்.

"கொழுந்தனாரே, லோடு ஏத்தியாச்சு. எந்த ஊருக்கு அனுப்பப் போறீக?"

"பழகட்டும் மதினி."

"அது பழகிருச்சு. சும்மா இருக்கப் பழகிருச்சு."

குடுக்கையை அவிழ்த்தேன். மறுநாள் கருவாடு காட்டினேன். கடைசிப் படிவரை வந்து, கருவாட்டைத் தின்றுவிட்டு மேலே ஏறிக்கொண்டது. எனக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை என்றே முடிவு செய்தேன்.

புதன்கிழமை கம்பெனியில் வெடி சோதித்துப் பார்த்தார்கள். கம்பெனியிலேயே வளரும் கடுகின் தாய் வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்தது. அடுத்தடுத்து வெடித்த சத்தத்துக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை. சரியாக வெடிக்காமல் கங்கு கனிந்துகொண்டிருந்த ஒன்றை, கூட வேலை பார்க்கும் ஒச்சப்பன் அண்ணன் இடுக்கியால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். 'சொய்ங்' என்று தண்ணீர் சீறித் தெறித்தது. நாய் எழுந்து வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது.

"என்னண்ணே, வெடிக்கு அசையல, இதுக்கு ஓடுது?"

"இங்கன இருக்கிற நாய் பூராவும் அப்படித்தாம்லே" என்றார் அவர்.

கடுகும் இந்தத் தொட்டியடியில் பிறந்த குட்டிதான். நான் தினமும் தொப்பென்று குதித்து, தண்ணீரைச் சீறவைத்து, அதை மிரட்டிவிட்டு அதன் பிறகே பாடம் நடத்தியிருக்கிறேன். நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் சைக்கிளை அன்று மிதித்ததுபோல் என்றும் மிதித்ததில்லை.

அன்று படி வழியாக, சத்தமில்லாமல் இறங்கினேன். எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்த ஆம்பிளை யாரும் அப்படி இறங்குவதில்லை.

"பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இறங்குறீக?"

"மெதுவா மதினி. துணியையும் அடிக்காதீக."

"உங்க நாய் வந்து அழுக்கு எடுக்குமா?" என்றாள். ஆனாலும் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

நெஞ்சளவு தண்ணீரில், முங்கியிருந்த படியில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. கடுகு ஒவ்வொரு படியாக முகர்ந்து வந்து என் தோளில் மூக்கை வைத்தது. நான் ஒரு படி கீழே நகர்ந்தேன். அதன் கால் நனைந்தது. இன்னொரு படி நகர்ந்தேன், வயிறு நனைந்தது. நான் இன்னும் கீழே நகர்ந்தபோது கடுகின் காலுக்கு எட்டும் ஆழத்தில் படி இல்லை. அதன் கால்கள் தாமாகவே அடிக்கத் தொடங்கின. மூக்கை நீட்டி, காதுகளை விறைத்து, என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. நான் சிரித்ததில் வாய் நிறையத் தண்ணீர் போய்விட்டது.

ஏறி உடம்பை உதறியது. நான் கூப்பிடுவதற்குள் மறுபடியும் இறங்கியது. பிறகு படியிலிருந்து தானே குதித்தது. அது எழுப்பிய சத்தத்துக்கே அது திரும்பிக் குரைத்தது. மதினி துணியை மறந்துவிட்டாள். நான் வகுப்பை மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை என் சைக்கிளைக் கண்டதும் அது கிணற்றுக்கு முன்னால் ஓடியது.

வெள்ளிக்கிழமை காலையில் கமலை பூட்டியாகிவிட்டது. மேட்டிலிருந்து தூக்கிப் போட்டால் பெரிய சத்தம் எழும். பழைய பயம் திரும்பிவிட்டால் இரண்டு நாள் பாடம் என்ன ஆகும்?

"மெதுவா இறக்கி விடலாமா பெரியப்பா?"

"விழுற நாய் மெதுவாவாலே விழும்?"

அவர் சொன்னது நியாயம். அவர் குனிந்தார். கடுகு அவர் கைக்குள்ளிருந்து நழுவி, மேட்டிலிருந்து தானே பாய்ந்தது.

தலை தெரியும்வரை நான் மூச்சு விடவில்லை. தலை தெரிந்தது. கடுகு கிணற்றைச் சுற்றி வந்தது. படி அருகே வந்தது, ஏறாமல் திரும்பியது. மறுபடியும் ஒரு சுற்று.

"படியேறச் சொல்லு" என்றார் பெரியப்பா.

கூப்பிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனது. இறங்குவதற்குத்தான் நான் பாடம் வைத்திருந்தேன். கூப்பிட்டால் ஏறுவதற்கு வைக்கவில்லை. கீழே போகப் பார்த்தேன். பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தானா ஏறணும்னுதானே பேச்சு?"

மாடுகள் கழுத்தை அசைத்துக்கொண்டு நின்றன. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "பெரிய மாமா, அது ஏறவும் மாட்டேங்குது, முங்கவும் மாட்டேங்குது. எதைச் சொல்லி வண்டியில ஏத்துவீக?" என்றாள்.

பெரியப்பாவின் கண் கடுகோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில், தனக்குத் தோன்றியபோது, கடுகு படியேறி மேலே வந்தது. அவர் காலடியில் நின்று உதறியதில் அவருடைய வேட்டி முழுக்க நனைந்தது. உடனே கிணற்றுப் பக்கம் திரும்பியது. அவர் எட்டி அதன் பிடரியைப் பிடித்துத் தூக்கினார்.

"ஏலே, நாளையிலிருந்து மாடு பூட்டுறதுக்கு முந்தியே இதைக் குளிக்க வச்சுக் கூட்டிட்டுப் போயிரு. இது உள்ள கிடந்தா நான் எப்பத் தண்ணி இறைக்க?"

அவர் கையில் தொங்கியபடியே கடுகு நான்கு கால்களாலும் காற்றில் நீந்திக்கொண்டிருந்தது.