சீரா இருக்கு

அக்கா கணவருடைய இதயத் துடிப்புகள் திரையில் ஓடி முடிந்தன. அவள் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். ஒரு நாள் முழுக்க அவர் மார்பில் கட்டியிருந்த கருவியில் பதிந்தவை. புரண்டதாலும் இருமியதாலும் விழுந்த பொய்த் துடிப்புகளைத் தன் கையாலேயே நீக்கியிருந்தாள். எங்காவது தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். செய்யவில்லை.

நல்ல இதயம் ஒரே அளவில் துடிப்பதில்லை. மூச்சை இழுத்தால் கொஞ்சம் முந்தும், விட்டால் பிந்தும். படியேறினால் ஒரு மாதிரி, கோபம் வந்தால் வேறு மாதிரி. மாமாவுடையது கோடு போட்ட காகிதம் போல ஒரே இடைவெளியில் இருந்தது; மாரடைப்பு வந்தவருக்கு அது நல்ல அறிகுறி இல்லை. கருவி கட்டியிருந்த அன்று மதியம் அக்காவும் அவரும் போட்ட சண்டையை அவளே தொலைபேசியில் கேட்டிருந்தாள். அவர் இதயம் மட்டும் அதைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

மாரடைப்புக்குப் பிறகு வீட்டிலேயே முடங்கிக் கிடந்த மனிதர், நாளைக்கே பழையபடி கிரேனில் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. முடிவைச் சொல்வது டெக்னீஷியனான அவள் வேலையில்லைதான். இருந்தும் அக்காவை அழைத்தாள்.

"சீரா இருக்குக்கா. அதுதான்…"

அதற்குமேல் அக்காவுக்கு எதுவும் ஏறவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏங்க, சீரா இருக்காம்" என்று உள்ளே பார்த்துச் சொல்வது கேட்டது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் படித்தும், இதைச் சொல்ல வேறு ஒரு வார்த்தை வரவில்லை.

"ரொம்பச் சீரா இருக்கக் கூடாதுக்கா."

"தாறுமாறா துடிச்சாத்தான் உனக்குத் திருப்தியாடி?"

"அப்படியில்ல. கொஞ்சம் கொஞ்சம் மாறணும்."

"அந்த ஆளா? கல்யாணமான நாள்லேருந்து நானும்தான் பாக்குறேன்."

அக்கா சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கும் சிரிப்பு. அதை உடைக்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை. மாமாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"மாமா, டாக்டர் சொல்ற வரைக்கும் மேல ஏறாதீங்க. இது நல்ல சீர் இல்ல."

"வீட்டுல உக்காந்திருக்கறது மட்டும் நல்லதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். தொலைபேசியைத் துண்டிக்காமல் எங்கோ வைத்துவிட்டார் போலிருந்தது. வேலைக்குப் போடும் பூட்ஸில் பிரஷ் தேயும் சத்தம் வந்தது, விடாமல், ஒரே அளவில். அவள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

பிரஷ் நின்றது.

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்த சத்தம் வருகிறதா என்று அவள் காத்திருந்தாள்.