மூணு விரலுக்கான ஹக்கு

நான் வாய்க்காரிதான், ஓம். மருதமுனையில ஆருக்கிட்டயும் கேட்டுப் பாருங்க, நெசவுக்கார றாபியாட தறிச் சத்தத்த விட அவட சத்தம் கூட எண்டுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். அந்த வாய்தான் ஒரு நாள் எங்கட மானத்தக் காப்பாத்திச்சி.

ஐம்பத்திநாலாம் வருசம். என்னக் கட்டின மாப்பிள்ள நூஹு, அச்சிமுகம்மது முதலாளிர நெல்லு மில்லுல வேல செஞ்சார். ஒரு நாள் எஞ்சின் ஓடக்குள்ள பெல்ட் கழண்டிட்டு. எஞ்சின நிப்பாட்டினா நேரம் போகும், அப்பிடியே மாட்டு எண்டு கணக்கப்பிள்ள சத்தம் போட்டிரிக்கான். இவரும் மாட்டப் போய், வலக் கையில மூணு விரலக் குடுத்திட்டு வந்தார். பெருவிரலும் சின்ன விரலும்தான் மிச்சம்.

விரல் போனதக்கூட நான் தாங்கினன். அதுக்குப் புறகு அந்த மனிசன் கையச் சால்வைக்குள்ளயே ஒளிச்சிக்கிட்டுத் திரிஞ்சாரே, அதத்தான் தாங்க ஏலாமப் போச்சி. ஜும்ஆக்குப் போனாலும் கடைசி வரிசையில நிண்டு, தொழுகை முடிஞ்ச உடன எழும்பி வந்திருவார். ஸலாம் சொல்லி ரெண்டு கையாலயும் கை கோக்கிற முஸாபஹாக்கு ஆரும் கைய நீட்டிருவாங்களோ எண்ட பயம்.

முதலாளி எட்டிப் பாக்கல்ல. "அவன்ட கவனயீனத்துக்கு நான் என்ன செய்ய?" எண்டாராம். அடேயப்பா!

கல்முனைக் கோட்டுக்கு முன்னால பெட்டிசன் எழுதுற அப்துல் ஸமட் காக்காக்கிட்டப் போனன்.

"தங்கச்சி, இதுக்குச் சட்டம் இரிக்கி," எண்டார். "வேல செய்யக்குள்ள காயம் பட்டா முதலாளி நட்டஈடு குடுக்கணும். கவனம் கொஞ்சம் பிசகியிருந்தாலும் குடுக்கத்தான் வேணும். எந்த விரல் போனா எவ்வளவு எண்டு பட்டியலே போட்டிரிக்கி. காலம் கடந்தா எடுபடாது, இண்டைக்கே எழுதுவம்."

"கெஞ்சிற மாதிரி எழுதிராதீங்க காக்கா."

"கெஞ்சிறதுக்கு இதென்ன பிச்சையா? ஒங்கட ஹக்கு, ஒங்களுக்குள்ள உரிமை."

ஹக்கு! அந்தச் சொல்லக் கேட்டதும் எனக்கு முதுகு நிமிந்திட்டு.

பெட்டிசன் போச்சி. நோன்பும் வந்திச்சி. இருவத்தேழாம் நோன்புக்கு முதலாளி, வசதி உள்ளவன் ஏழைக்குக் குடுத்தே ஆகவேண்டிய ஸகாத்தக் குடுக்கிறது ஊர் அறிஞ்ச வழக்கம். அந்த வருசம் நாலு பேரக் கூட்டிக்கிட்டு எங்கட வாசலுக்கே வந்தார். "எங்கட நூஹு ஏழையாப் பெயித்தான், இது எண்ட ஸகாத்து" எண்டு தெருவே கேக்கச் சொல்லி, நூறு ரூவாய இவர்ர மடியில வெச்சார். இவர் தலையத் தூக்கல்ல. நான் வாயத் துறக்கப் போக, வீடு தேடி வந்த மனிசன ஒண்டும் சொல்லாத எண்டு கண்ணக் காட்டினார்.

அந்தக் காச நான் தொடல்ல. பெருநாளைக்கு இனிப்பா ஒரு வட்டிலப்பம் கூட அவிக்கல்ல. பெட்டகத்துக்குள்ள அப்பிடியே வெச்சிப் பூட்டினன்.

விசாரணைக்குக் கொழும்பிலருந்து துரை ஒருத்தர் கல்முனைக்கு வந்தார். முதலாளி எழும்பி என்ன சொன்னார் தெரியுமா? "நூறு ரூவா நட்டஈடு குடுத்து முடிச்சிட்டன் ஐயா. தெருவே சாட்சி."

எனக்கு உச்சந்தலையில நெருப்புப் பத்தினாப்போல இருந்திச்சி. முக்காட்ட இழுத்து விட்டிட்டு எழும்பினன்.

"ஐயா, முதலாளிக்கிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?"

துரை தலையாட்டினார். முந்தானை முடிச்ச அவுத்து, பெட்டகத்திலருந்து எடுத்துக் கொண்டுபோன அந்தக் காச மேசையில வெச்சன்.

"முதலாளி, இந்தா ஒங்கட நூறு ரூவா. ஒரு சதமும் கொறயல்ல. இது நட்டஈடெண்டா, ஒங்கட ஸகாத்து இன்னும் நிறைவேறல்ல. குடுக்க வேண்டிய கடனுக்குக் கட்டின காசு ஸகாத்தாகுமா? இது ஸகாத்தெண்டா, நட்டஈடு இன்னும் பாக்கி. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க. ஹஜ்ஜுக்குப் போகணுமெண்டு நிய்யத்து வெச்சிரிக்கிற மனிசன் நீங்க. அல்லாஹ்வுக்குச் சொன்னதயே இஞ்சயும் சொல்லுங்க."

அவர்ர வக்கீல் காதுக்குள்ள என்னமோ சொல்லப் போனான். முதலாளி அவனக் கையால ஒதுக்கினார்.

"ஸகாத்துதான் ஐயா," எண்டார். "ஸகாத்தெண்டுதான் குடுத்தன்."

கஞ்சனெண்டாலும் அல்லாஹ்வுக்குப் பயந்த, ஈமான் உள்ள மனிசன். அத நான் எங்கயும் சொல்லுவன்.

மூணு விரலுக்கும், வேலைக்குப் போகாம இருந்த மாசங்களுக்கும் சேத்து நட்டஈடு கட்டச் சொல்லித் துரை எழுதினார். நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு முடிக்கல்ல, பக்கத்தில இருந்த எண்ட மனிசன் எழும்பினார். சால்வைய எடுத்துத் தோள்ல போட்டார். மேசையில கிடந்த காச எடுத்தார், வலக் கையால! மிச்சமிருந்த ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சி, எல்லாரும் பாக்க முதலாளிக்கு நீட்டினார்.

"ஸகாத்து எடுக்க வேண்டிய ஏழைக்கு இதக் குடுங்க முதலாளி. நான் ஒங்கட மில்லுல வேல செஞ்சவன். செஞ்ச வேலையில போன விரலுக்குச் சேர வேண்டியதத் தாங்க, போதும்."

அந்த நேரம் நான் அழுதன். ஓம், இந்த வாய்க்காரிதான் அழுதன். எண்ட மாப்பிள்ளைய நினைச்சி அப்பிடி ஒரு பெருமை எனக்கு அதுக்கு முந்தி வந்ததே இல்ல.

வெளிய வந்தா, அப்துல் ஸமட் காக்கா ஸலாம் சொல்லி ரெண்டு கையயும் நீட்டினார். இவரும் ரெண்டு கையயும் குடுத்தார்.