உன் வயசுல நான்

எங்கள் ஊரில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, "உன் வயசுல நான்" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடித்துவிட்டால், அந்த வயதில் இருந்த அவர் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். அப்படி வருகிறவர்கள் உட்கார்வதற்காகப் பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பெட்டி படுக்கை எதுவும் கொண்டுவருவதில்லை. சொன்னவர் எப்போதாவது, "சும்மா சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டால் மாலை பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவார்கள். அப்படி ஒத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் பெஞ்ச் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

ஊரின் பெயர் மேலச்சாரல். ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழும், அருவியில் தண்ணீர் வரும், வெளியூர்க்காரர்கள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதைத்தான் சீசன் என்கிறோம். அருவிக்குக் கீழே பஞ்சாயத்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் பரோட்டாக் கடை.

கடைகளுக்குப் பஞ்சாயத்து ஒரு விதி வைத்திருக்கிறது. ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேராவது வேலை பார்க்காத கடை, மூடிய கடை. முதலாளி கணக்கில் வரமாட்டார். மூடிய கடை பக்கத்துக் கடைக்காரருக்குப் போய்விடும். என் பக்கத்துக் கடையில் ஆரோக்கியசாமி செல்போன் உறை விற்கிறார். அவர் ஒரு நாள் டேப்புடன் வந்து என் பரோட்டாக் கல்லை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து, அதன் மேல் எத்தனை உறைகளை அடுக்கலாம் என்று பார்த்துவிட்டுப் போனார். போகும்போது, "தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம் யாருக்கும் ஆள் கிடைக்கவில்லை. போன சீசனில் என்னிடம் இருந்தவர்களில் ஒருவன் திருப்பூருக்குப் போய்விட்டான். இரண்டு பேர் கேரளாவுக்குப் போனார்கள். இன்னொருவன், ஓட்டலில் எப்படி வேலை பார்ப்பது என்று வீடியோ போட ஆரம்பித்துவிட்டதால் ஓட்டலில் வேலை பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டான். மிஞ்சியது முப்பிடாதி மட்டும். இருபத்து மூன்று வயது. தலையில் எப்போதும் ஒரு மஞ்சள் கிளிப். பதினோரு டேபிளையும் அவளே துடைத்தாள், அவளே இலை போட்டாள், அவளே சால்னா ஊற்றினாள். இடையில் கொட்டாவி விட்டாள்.

இன்னும் நான்கு பேர் வேண்டும். நான் முப்பிடாதியை அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே காலையில் ஓய்வு பெற்றவர்கள் நாளிதழ் படிப்பார்கள்.

"அண்ணே, நான் என்ன பேசணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பேசாத. சும்மா உக்காந்து போனைப் பாரு. கொட்டாவி வந்தா அடக்காத."

அவள் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். பெரும்பாலோர் விவரமானவர்கள். தங்கள் வாய் திறக்கப்போவதை உணர்ந்ததும் நாளிதழை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆனால் என் பெரியப்பா வேலாயுதம் அன்றைக்கு நாளிதழ் கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தோரு வயது.

முப்பிடாதி கொட்டாவி விட்டாள்.

"ஏட்டி, நிமிந்து உக்காரு" என்றார் பெரியப்பா. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையுதா? உன் வயசுல நான் மூணு ஆள் வேலைய ஒத்தையில பாத்தவன்."

நான் நன்றி சொன்னேன். அதற்குள் எனக்கு நாலாம் வகுப்பு எடுத்த கனகவல்லி டீச்சரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"உன் வயசுல நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்ல. கையில எப்பவும் ஒரு வேலை இருக்கும்" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் வந்தார்கள். பெரியப்பா தரையைப் பெருக்கும் பெல்பாட்டமும், பின் பாக்கெட்டில் சீப்புமாக இருந்தார். டீச்சர் பெரிய பூப்போட்ட சேலை கட்டி, கையில் ஒரு தொடர்கதைப் புத்தகம் வைத்திருந்தார். டீச்சரைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றேன். அவருக்கும் இருபத்து மூன்று வயதுதான், ஆனால் டீச்சர் டீச்சர்தான்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். முதல் மூன்று டேபிள்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருந்தார்கள். முப்பிடாதி ஓடிக்கொண்டிருந்தாள். பெரியப்பா சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவை அதட்ட முடியாது. வயது எனக்குப் பாதி என்றாலும் முறை முறைதான். "பெரியப்பா, நாலாம் டேபிளுக்குக் கொஞ்சம் தண்ணி வச்சீங்கன்னா நல்லா இருக்கும்" என்றேன்.

"நான் வேலை பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்" என்றார்.

"எங்க பாக்கீங்க?"

அவர் சீப்பால் முப்பிடாதியைக் காட்டினார். "அந்தப் பிள்ளை மூணு ஆள் வேலை செய்யுது. அந்த மூணு ஆள் வேலையையும் நான் ஒத்தையில பாக்கேன். வேற யாரையும் துணைக்குக் கூப்பிட்டேனா?"

கூப்பிடவில்லை. மதியம் வரை கண் இமைக்காமல் பார்த்தார். இலை மடக்குவதைப் பார்த்தார், டேபிள் துடைப்பதைப் பார்த்தார், சிந்திய சால்னா எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்தார். மாலையில் மிகவும் களைத்துப்போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்.

டீச்சர் சொன்னபடி அவர் கையில் எப்பவும் வேலை இருந்தது. அது தொடர்கதை. தலைக்கு மேல் புகை போனபோதும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே, சாப்பிட வந்தவர்களைப் பார்த்து, "என்ன வேணும்னு முழு வாக்கியமா சொல்லணும்" என்றார். சொன்னவர்களுக்கு மார்க் போட்டார். ஒரு மதுரைக்காரர் எட்டு மார்க் வாங்கி மகிழ்ச்சியோடு இன்னும் ஒரு பரோட்டா கேட்டார்.

மூன்றாம் நாள் என் பெரியப்பா, அதாவது எழுபத்தோரு வயதுக்காரர், தன்னைப் பார்த்துப் பெருமைப்படுவதற்காகக் கடைக்கு வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். அரிசி மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஏலே, எந்திரி" என்றார்.

"அஞ்சு நிமிஷம்" என்றார் இளைய பெரியப்பா.

எழுபத்தோரு வயதுக்காரர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "நான் இப்படி இல்ல. இங்க வந்த பெறவு இவனுக்கு இந்தக் காலத்துக் காத்து பட்டிருச்சு. எல்லாம் செல்போனால வந்தது."

"அவருட்ட செல்போனே கிடையாதே" என்றாள் முப்பிடாதி.

"பக்கத்துக் கடையில உறை இருக்குல்லா. அது போதும்."

முப்பிடாதி ஒரு கையில் வாளியும் மறு கையில் துணியுமாக நின்றாள். "உங்க வயசுல நான் இப்படிப் புளுக மாட்டேன் தாத்தா" என்றாள்.

கடையில் இருந்தவர்கள் அனைவரும் ஒரு கணம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மறுபடி சாப்பிட்டார்கள். இப்படித் தலைகீழாக யாரும் அதுவரை சொன்னதில்லை. ஆனால் விதியில் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எதுவும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் எழுபத்தோரு வயது முப்பிடாதி வந்து இறங்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மஞ்சள் கிளிப் வெளுத்திருந்தது. வருங்காலத்தில் என்னென்ன நடக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. வந்த ஆளிடம் முதல் நாளே அதைக் கேட்பது மரியாதை இல்லை. அவளாக ஒன்று மட்டும் சொன்னாள். "அண்ணே, உங்க சால்னாவுல அப்பவும் உப்பு கம்மிதான்."

எங்கள் முப்பிடாதி அவளைச் சுற்றிவந்து பார்த்தாள். "முட்டி வலிக்குமா?"

"வலிக்கும். நீ குனியாம துடைச்சுப் பழகுட்டி, எனக்குப் புண்ணியமாப் போகும்."

அன்று முதல் எங்கள் முப்பிடாதி நீளக் குச்சியில் துணியைக் கட்டித் துடைத்தாள். மதியத்துக்குள் பெரிய முப்பிடாதியின் முட்டி வலி கொஞ்சம் குறைந்தது. அவள் உட்கார்ந்தபடியே மாவு உருட்டினாள். நன்றாக உருட்டினாள்.

இப்போது நான்கு பேர். இன்னும் ஒரு ஆள் வேண்டும். ஆனால் சனிக்கிழமை அதுவும் கெட்டது. நூலகத்தில் எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்து, "என்ன வேலாயுதம், மூணு ஆள் வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அரிசி மூட்டை என்ன விலை என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா அன்று மாலை கடைக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா சொன்னேன்டா" என்றார்.

இளைய பெரியப்பா எழுந்து, தலை வாரிக்கொண்டு, மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது மூத்தவரின் தோளில் கையைப் போட்டு, "விடுங்க. நானும் இனிமே யாரு கேட்டாலும் மூணு ஆள்னுதான் சொல்லுவேன்" என்றார். மூத்தவர் தலையாட்டினார். அவர்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

மூன்று பேர்தான் மிச்சம். விடிந்தால் ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை. ஆரோக்கியசாமி தன் கடை வாசலில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். நான் கல்லைத் துடைத்தேன். என் கல்லில் உறைகள் அடுக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்த பிறகு கல்லை இன்னொரு தரம் துடைத்தேன்.

பெரிய முப்பிடாதி என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் மாவோடு எழுந்து, நொண்டியபடி வாசலுக்குப் போனாள். இளைய பெரியப்பா அப்போதுதான் எதிரில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறப்போனார்.

"ஏய் தம்பி" என்று கூப்பிட்டாள். "உன் வயசுல நான் இந்தக் கடைய ஒத்த ஆளா ஓட்டுனேன்."

"நான்தான் பாத்தேனே" என்றார் அவர், படியில் நின்றபடி. பஸ் போய்விட்டது.

நான் விரலை மடக்கினேன். அவருக்கு இருபத்து மூன்று வயது. எனவே காலையில் இன்னொரு இருபத்து மூன்று வயது முப்பிடாதி வருவாள். நான்கு. இன்னும் ஒன்று குறைகிறது. பெரிய முப்பிடாதி மறுபடி யாரையாவது பார்த்துச் சொல்லலாம் என்றால், என்னையும் டீச்சரையும் பார்த்து அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வராது, வாசலில் யாரும் இல்லை. ஆரோக்கியசாமி விவரமாகக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். அவர் காதில் விழாவிட்டால் அது அவரிடம் சொன்னதாகாது.

கடைக்குப் பின்னால் எங்கள் முப்பிடாதி அண்டா கழுவுவதற்காக அருவித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாலையிலிருந்து அருவி இளைத்துவிட்டது. ஒரு சொட்டு விழுந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு சொட்டு விழுந்தது. அவள் காலையிலிருந்து உட்காரவே இல்லை. அண்டாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து அருவியைப் பார்த்தாள்.

"சீசன் நேரத்துல இப்படியா விழுவாக?" என்றாள். "உன் வயசுல நான் இப்படிச் சொட்டுச் சொட்டா வேலை பாக்க மாட்டேன்."

அருவிக்கு என்ன வயது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. முதலில் முப்பிடாதி இறங்கினாள். எங்கள் முப்பிடாதிக்கும் அவளுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. போன் நம்பரும் ஒன்றுதான். ஒரு அழைப்பு வந்தபோது இருவரும் எடுத்து, இருவரும் "அம்மா, பெறவு கூப்பிடுதேன்" என்றார்கள். அதன் பிறகு கண்டக்டர் இறங்கி, இரண்டு பயணிகளைக் கை கொடுக்கச் சொல்லி, ஒரு பாறையை மெதுவாகக் கீழே இறக்கினார். இடுப்பளவு உயரம். ஓரங்கள் மழுங்கி வழவழப்பாக இருந்தது. உச்சியில் ஒரு மஞ்சள் கிளிப் இருந்தது.

"பார்த்து, கால்ல விழுந்திரப் போகுது" என்றார் கண்டக்டர்.

நாங்கள் அதைக் கடைக்குக் கூட்டிவந்தோம். பெரிய முப்பிடாதி ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டாள். "முட்டி வலி போயிருக்குமே" என்று மட்டும் சொன்னாள்.

வார்டு மெம்பர் ஜெபமணி அக்கா ஆட்களை எண்ண வந்தார். ஆரோக்கியசாமியும் கையில் டேப்போடு பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணு, ரெண்டு" என்று இரண்டு முப்பிடாதிகளையும் எண்ணினார் அக்கா. "மூணு" என்றது பெரிய முப்பிடாதியை. டீச்சர் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் கையை உயர்த்தினார். "நாலு. இன்னொண்ணு எங்க?"

நான் காட்டினேன்.

"இது யாரு?"

"முப்பிடாதி."

"எந்த முப்பிடாதி?"

"கடைசி முப்பிடாதி" என்றாள் பெரிய முப்பிடாதி.

அக்கா பாறையைச் சுற்றி வந்தார். கிளிப்பைப் பார்த்தார். "ஆளு சரிதான். ஆனா வேலை பாக்கணும். பாக்காட்டா நான் எண்ண முடியாது. இப்படியே நின்னுக்கிட்டிருந்தா எப்படி?"

ஆரோக்கியசாமி என் கல்லை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். நான் மாவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பரோட்டா வட்டமாக வரவில்லை. முப்பிடாதிகள் மூவரும் அதன் முகமாக இருக்கக்கூடிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு பாறை கேட்டது:

"எந்த டேபிள்ண்ணே?"

"நாலாம் டேபிள்" என்றேன்.

பாறை கிளம்பியது. டீச்சர் புத்தகத்தைத் தாழ்த்தி, பாறையின் நடைக்குப் பத்து மார்க் போட்டார். நாலாம் டேபிளில் இருந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். பாறை ஊர்ந்து வரும் வேகத்தைப் பார்த்துவிட்டு, லாட்ஜில் அடுத்த சீசனுக்கும் சேர்த்து அறை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஜெபமணி அக்கா ஐந்து என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

ஆரோக்கியசாமி மட்டும் டேப்போடு நின்றார். கல்லைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பிறகு குனிந்து பாறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துகொண்டார்.

"உறை என்ன கலர்ல வேணும்?" என்று கேட்டார்.

"கிளிப்புக்குப் பொருத்தமா மஞ்சள்லயே இருக்கட்டும்" என்றது பாறை.