கட்டடம் வாங்கிக்கொண்ட சாய்வு

நான் நீந்தும்போது உடலை உருட்டுவதில்லை. அதனால் எங்கள் குடியிருப்பு உருளுகிறது.

ஃப்ரீஸ்டைல் நீச்சலில் ஒரு கை முன்னால் எட்டும்போது தோளும் இடுப்பும் சேர்ந்து அந்தப் பக்கம் சாய வேண்டும். வீசிய கையின் சுழற்சி எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். உடல் அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் குளம் வாங்கிக்கொள்ளும். எங்கள் குளம் தரைத்தளத்தில் இருப்பதால் மேலே உள்ள ஐந்து மாடிகளும் வாங்கிக்கொள்கின்றன. வலது கைக்கு ஒரு சாய்வு, இடது கைக்கு ஒரு சாய்வு. வடவள்ளியில் பதினோரு வருடங்களாக இப்படித்தான். காலை ஆறு மணிக்கு எல்லா வீடுகளிலும் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

இதயத்துக்காக நாள்தோறும் நாற்பது நிமிடம் நீந்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஒரு நாள் விட்டாலும் நின்றுவிடும் வகை இதயம்.

சென்ற மாதம் என் மனைவி தமயந்திக்கு விழித்திரை கழன்று அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்து, பத்து நாள் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார்கள். தலை அசையக் கூடாது. குமிழி நகர்ந்தால் விழித்திரை மறுபடி கழன்றுவிடும். அப்புறம் அந்தக் கண் இல்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடியில்.

முதல் நாள் நீந்தியபோது, ஒவ்வொரு வீச்சுக்கும் அவளுடைய கட்டில் கால் தரையில் தேய்வது தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. கரையேறி நேராக ஜெபராஜ் மாஸ்டரிடம் போனேன். குளத்தில் நீச்சல் சொல்லித்தருபவர் அவர்தான்.

"பலகை மாதிரி கெடக்கறீங்கண்ணா. தோளை மட்டும் திருப்பினா பத்தாது, இடுப்புலருந்து வரணும்."

"தலை?"

"தலை அப்படியே இருக்கட்டும். வாயோரம் தண்ணி பள்ளமாகும். காத்து அந்தப் பள்ளத்துல இருக்கும். நீங்க தேடிப் போகாதீங்க."

எதிர் வீட்டு சம்பத் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கத்துக்குங்க சார். பதினோரு வருசமா எங்களத் தொட்டில்ல போட்டு ஆட்டுனது போதும்."

மூன்று நாள் முயன்றேன். இடுப்பு அசையவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் மறுபடி திரும்பி வருவேனா என்ற பயமா? அல்லது என் பங்குச் சாய்வை மற்றவர்கள் சுமப்பது எனக்குப் பழகிவிட்டதா? பதில் தெரியாமலே வீசினேன். மேலே கட்டில் தேய்ந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள் இடுப்பு உருண்டது. தோள் அதைத் தொடர்ந்தது. கட்டடம் அசையவே இல்லை. நாற்பது நிமிடமும் அப்படியே நீந்திவிட்டு, ஈரத்தோடு மேலே போனேன்.

தமயந்தியின் நகங்கள் நீலமாக இருந்தன.

"ஏனுங்க, இன்னைக்கு நீந்தலியா?" நேற்றைய மூச்சில் மிச்சமிருந்ததை வைத்துத்தான் பேசினாள்.

"நீந்தினேன். கட்டடம் ஆடவே இல்லையே, பார்த்தியா?"

"அதானுங்க. நீங்க சாய்க்கறப்பத்தான் தலகாணிக்கும் வாய்க்கும் நடுவுல துளி பள்ளம் வரும். அப்ப எடுக்கற மூச்சுதான் எனக்கு அன்னைக்குப் பூரா."

"தலை அசையுமே."

"அசைக்கலீங்க. குமிழி இருந்த எடத்துலயேதான் இருக்குது. பேச்சுக் குடுக்காம போங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் இறங்கிக் குளத்தில் விழுந்தேன். முதல் இருபது வீச்சுக்கும் இடுப்பு தானாகவே உருண்டது. கட்டடம் கல்லாக நின்றது. அவளிடம் இன்னும் எத்தனை சொல்லுக்கு மூச்சு இருக்கும் என்று யோசித்தேன். இத்தனை வருடம் வராதது ஏன் இன்று போக மறுக்கிறது? வயிற்றை இறுக்கினேன். கால்களைச் சேர்த்தேன். இருபத்தோராவது வீச்சில் எங்கோ பாத்திரங்கள் உருண்டன. யாரோ என்னைத் திட்டினார்கள். அதற்கும் மேலே, மூன்றாவது மாடியில், ஒரு மூச்சு நீளமாக உள்ளே போனது.

மீதி ஆறு நாளும் பலகையாகவே நீந்தினேன்.

பத்தாம் நாள் கண் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் வந்தார். சம்பத் வீட்டுக்குப் போய்த்தான் தமயந்தியைப் பார்க்க வேண்டியிருந்தது. வீச்சுக்கு வீச்சு தேய்ந்து நகர்ந்த கட்டில் எங்கள் கூடத்தைக் கடந்து, நடைபாதையைக் கடந்து, அவர்கள் வீட்டுக்குள் பாதி நுழைந்திருந்தது. சம்பத் சோபாவைச் சுவரோரம் தள்ளி வழி விட்டிருந்தார்.

நர்ஸ் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "நல்லா ஒட்டிக்கிச்சுங்கக்கா. இனி எந்திரிக்கலாம்."

"இருங்கம்மா, அந்தச் செவுத்தத் தொட்டுட்டு எந்திரிக்கறேன்" என்றாள் தமயந்தி.

"கால் தாழுதுங்கக்கா, தூக்குங்க" என்றார் சம்பத், குளக்கரையில் நிற்பவர் போல.

அவர்கள் வீட்டுக் கடைசிச் சுவருக்கு இன்னும் பதினெட்டு வீச்சு இருக்கும். நான் துண்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.