இரவல் அழுகை

ஒப்பனைக்கென்று ஒதுக்கிய மாட்டுக்கொட்டடிக்குள் காலை வைத்ததுமே பாட்டுக்காரி ஷுவாங்லிங்குக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூத்திர நாற்றம். வைக்கோல்மேல் ஒரு கிழிந்த பஞ்சுப் போர்வை; அதன் மடிப்புக்குள், பல்லில்லாத யாரோ சப்பிப் பார்த்துவிட்டு வைத்த ஆவி ரொட்டி, பூசணம் பிடித்துக் கிடந்தது.

"இங்க யாருண்ணே இருந்தா?" என்று கூத்துக் குழுத் தலைவர் கெங்கிடம் கேட்டாள்.

"வேற யாரு, செத்துப்போன கிழவிதான். மூணு வருஷமா இங்கதான் கெடந்துச்சாம். நமக்கெதுக்கும்மா? மூஞ்சிய வரைஞ்சுக்கிட்டுக் கெளம்பு."

வெளியே செங்கல் சூளைக்கார ஃபூஷெங், கிழவியின் ஒரே மகன், வெள்ளைச் சணல் துக்க உடுப்பில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் நூடுல்ஸ் போடச் சொல்லிக்கொண்டிருந்தான். மறுவுலகில் அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கக் காகிதத்தில் மூன்று மாடி வீடு செய்து வைத்திருந்தான். த்தூ!

வெய் ஆற்றங்கரையில் சின்கூத்து என்னும் இசைக்கூத்து இல்லாமல் பிணம் எடுக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஆண்களே பெண்வேஷம் கட்டி, மரக்கட்டைத் தாளத்துக்குத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு பெண்கள் வந்தார்கள், மைக் வந்தது, இப்போது கீபோர்டும் வந்துவிட்டது. தொண்டை கிழிவது மட்டும் மாறவில்லை. மகன் அழவேண்டிய அழுகையைப் பாட்டுக்காரி அழுதுவிட்டுப் போவாள். ஷுவாங்லிங்கும் எத்தனையோ வீட்டில் அழுதவள்தான். ஆனால் இந்த நாய்க்காக அழ முடியாது.

"தாய் மகனை வாழ்த்தற காட்சி வேண்டாம்ணே. மாட்டுக்கொட்டாய்ல தாயப் போட்டவன் இடி விழுந்து சாவானே, அதப் பாடப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? எல்லார் சோத்துலயும் மண்ணப் போட்டுறாத!"

"அவன் மூஞ்சி எல்லார் முன்னாடியும் தொங்கணும். அப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

ஃபூஷெங்கையே பார்த்துக்கொண்டு பாடினாள். வரிக்கு வரி தெரிந்த கூட்டம். முதல் அடியிலேயே நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் நின்றது. பெண்கள் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தார்கள். இடி விழும் இடத்தில் அவன் எழுந்தான், நேரே மேடைக்கு வந்தான். அடிக்கட்டும் என்று அவள் நிமிர்ந்து நின்றாள்.

அவன் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான். கையில் சிவப்புப் பட்டு. நன்றாகப் பாடியவருக்கு அதைப் போர்த்துவது இந்தப் பக்கத்து மரியாதை. எண்பது தாண்டிய சாவில் சிவப்புக்குத் தடையுமில்லை. போர்த்தியதைக் கழற்றினால் அது செத்தவருக்குச் செய்யும் அவமானம்.

அதை அவள் தோளில் போர்த்தி மைக்கை வாங்கினான். "என்னா குரலு தங்கச்சி! அந்தப் பாவிப்பயல நெனச்சா வயிறு எரியுது. பெத்த தாய இப்படியும் ஒருத்தன் வச்சிருப்பானா?"

ஒருத்தன் கை தட்டினான். பிறகு ஊரே தட்டியது. அந்தப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார்கள்.

"இன்னொருவாட்டி பாடு தங்கச்சி, எங்கம்மாவுக்காக!"

பூண்டு வாடை அவள் முகத்தில் அடித்தது. கெங் அவசரமாகக் கட்டையைத் தட்ட ஆரம்பித்தார். ஷுவாங்லிங்கின் வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. துப்ப இடமில்லை. விழுங்கிவிட்டு, முதல் அடிக்கு வாயைத் திறந்தாள்.