இரண்டு சார்ட்டி

சான் ஃபெர்மின் தீவிலிருந்து வந்த தாளில் ஒரே வரிதான்: "இரண்டு சார்ட்டி வேண்டும்." புயல் ஓய்ந்து மூன்று நாளாகியிருந்தது. விமானப்படைக் கணக்கில் ஒரு ஹெலிகாப்டர் ஒருமுறை கிளம்பிப் போய், வேலை முடித்துத் திரும்பினால் ஒரு சார்ட்டி. கேப்டன் இசிதோரா பலுயோட் இருபது மூட்டை அரிசியோடு முதல் சார்ட்டிக்குக் கிளம்பினாள்.

பள்ளி மைதானத்தில் இறங்கினால் பேண்டு வாத்தியம் முழங்கியது. ஓரமாக ஒரு முழுப் பன்றி தணலில் சுழன்றுகொண்டிருந்தது. நகராட்சி எழுத்தர் கொன்ராடோ மாலையோடு ஓடி வந்தார்.

"வேட்பாளர் எங்க மேடம்?"

"எந்த வேட்பாளர்?"

"சார்ட்டிக்கு வர்றவர்தான். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு கட்சி ஆபீசுக்கு எழுதியிருந்தோமே."

ஓட்டுக் கேட்டு ஊர் ஊராகச் சுற்றுவதற்கும் அங்கே அதே சொல்தான். கட்சிக்குப் போக வேண்டிய தாள் விமானத் தளத்துக்கு வந்துவிட்டது.

"இங்க சேதம் இல்லையா?"

"நாலு தகரம் பறந்துச்சு, அவ்வளவுதான். எதிர்ல இருக்கிற தலிசாய்த் தீவுதான் மூழ்கிப்போச்சு. அவங்க ரேடியோவும் போச்சு."

மூட்டைகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் நார்சிசோ முனகினான். "கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுவந்த கதையா இருக்கு மேடம்."

இசிதோரா ரேடியோவில் தளத்தை அழைத்தாள். "சார், அரிசியைத் தலிசாய்க்குக் கொண்டுபோறேன். பத்து நிமிஷம்தான்."

"அங்க இறங்குற இடத்தை யாரும் பாக்கல. தாள்ல இருக்கிற ஊர்லயே இறக்கிட்டு வாங்க."

"தாளே தப்புங்கிறேன் சார்."

"எழுதிக் குடுங்க. நாளைக்குப் பாக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டைகளை இறக்கச் சொன்னாள். பிறகு கொன்ராடோவிடம் திரும்பினாள். "படகுக்காரங்களக் கூப்பிடுங்க. அரிசி தலிசாய்க்குப் போகணும். அந்தப் பன்னியையும் ஏத்துங்க."

"அது வேட்பாளருக்குன்னு..."

"தலிசாய்லயும் ஓட்டு இருக்கு."

கொன்ராடோ மாலையைக் கையிலேயே சுருட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார். மூன்று படகுகள் கிளம்பின. பத்து நிமிட வழிக்கு அவை இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

தளத்தில் படிவம் காத்திருந்தது. கேட்டது இரண்டு, பறந்தது ஒன்று; காரணம் என்ன? "சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள் வேறு" என்று எழுதிக் கொடுத்தாள். அரைமணியில் படிவம் திரும்பி வந்தது. பட்டியலில் உள்ள காரணம் மட்டுமே செல்லுமாம்: எந்திரக் கோளாறு, ஆள் பற்றாக்குறை, வானிலை.

ஜன்னலுக்கு வெளியே பொட்டு மேகமில்லை. பேனா தாளைக் கிழிக்குமளவு அழுத்தி, 'வானிலை'யில் குறியிட்டாள்.